தோமா என்னும் பெயரை விரும்பியவர்

ஞானோபதேச வகுப்பில் நாம் முதன்முதலாக மனப்பாடம் செய்தவற்றுள் ஒன்று, ஆராதனைக்கும் வணக்கத்திற்கும் உள்ள வேறுபாடு. ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது. தேவ அன்னைக்கும் புனிதர்களுக்கும் நாம் செலுத்துவது வணக்கம். பிற சபை நண்பர் எவரேனும் 'நீங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள்தாமே' என்று சீண்டினால், பத்து வயதுச் சிறுவனும் இந்த விடையை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். இத்துணை எளிய பாடம் தெரியாமற் போனதால், இருபது வயது ஆங்கிலேய இளைஞர் ஒருவருக்கு 1925-ஆம் ஆண்டில் ஒரு கண்டனக் கடிதம் வந்தது. ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்த அவர், தாம் எழுதிய கட்டுரை ஒன்றில், கத்தோலிக்கர் கன்னி மரியாளை ஆராதிப்பதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டார். அது தவறு என்று எடுத்துக் காட்டி எழுதியவர் விவியன் என்னும் இளம்பெண். அவ்வூர்ப் புத்தக நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். பதினேழு வயதிலேயே தாமாக விரும்பிக் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். அவ்விளைஞர் மன்னிப்புக் கோரி எழுதினார், சந்திக்க அழைத்தார், காதல் கொண்டார். ஒரு சொல்லில் நேர்ந்த பிழை அவரைத் திருமண வாழ்விற்கும் திருச்சபைக்கும் ஒருசேர இட்டுச் சென்றது.

அந்த இளைஞர்தாம் கிரகாம் கிரீன். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் தவிர்க்க இயலாத பெயர். 'கத்தோலிக்க நாவலாசிரியர்' என்று உலகம் அவரை அழைத்தது. அவருக்கோ அவ்வழைப்பு கசந்தது. தாம் ஒரு நாவலாசிரியர் என்றும், கத்தோலிக்கராயிருப்பது உடன் நேர்ந்த ஒன்று என்றுமே அவர் சொல்லிவந்தார். அவருடைய எழுத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விரும்பிப் படித்து வருகிறோம். அவரது வாழ்க்கையை அந்த அளவுக்கு விரும்ப நம்மால் இயலவில்லை. இந்த இரண்டையும் பற்றியே எழுத முற்படுகிறோம்.

1904-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், இலண்டனுக்கு வடமேற்கே உள்ள பெர்க்காம்ஸ்டெட் என்னும் சிற்றூரில் ஆறு குழந்தைகளுள் நான்காவதாகக் கிரீன் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். வீடும் பள்ளியும் ஒரே கட்டடத் தொகுதி. இடையே பச்சைக் கம்பளித் துணி போர்த்திய கதவு ஒன்று. கதவுக்கு இப்புறம் தாய், புத்தகங்கள், பழ வாசனை. அப்புறம் மை வாடை, கூச்சல், சக மாணவரின் கொடுமை. பதின்மூன்று வயதில் கிரீன் கதவுக்கு அப்புறம் விடுதி மாணவராய்ச் சேர்க்கப்பட்டார். மாணவர்களுக்கு அவர் தலைமையாசிரியரின் மகன்; ஆகவே ஒற்றன். தந்தையிடம் சென்று முறையிட்டால் தோழர்களுக்குத் துரோகி. முறையிடாவிட்டால் தினமும் சித்திரவதை. ஒருநாள் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஊர்ப் புறம்போக்குக் காட்டுக்குள் ஓடிப்போனார். பதினாறாம் வயதில் அவரை இலண்டனில் ஒரு மனநல ஆய்வாளரின் வீட்டில் ஆறு மாதம் தங்க வைத்தார்கள். அந்தக் காலத்தில், அத்தகைய குடும்பத்தில், இது அரிய முடிவு; அந்தத் தந்தையை நாம் குறைகூற மாட்டோம்.

இந்தப் பச்சைக் கதவை மறவாமல் அவருடைய நாவல்களைப் படித்தால் பல பூட்டுகள் திறக்கும். எல்லையில் நிற்பவர், இரு தரப்புக்கும் கடன்பட்டவர், எத்தரப்புக்கு உண்மையாயிருந்தாலும் மறுதரப்புக்குத் துரோகியாகிறவர் என்று அவருடைய கதைமாந்தர் அனைவரும் அந்தக் கதவருகே நின்ற சிறுவனின் உடன்பிறப்புகள்.

விவியனை மணப்பதாயின் அவருடைய நம்பிக்கை இன்னதென்று அறிந்துகொள்வதாவது கடமை என்று கிரீன் கருதினார். 1925-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டிங்காம் நகரத்து நாளிதழ் ஒன்றில் சம்பளமில்லாப் பயிற்சியாளராய்ச் சேர்ந்த அவர், அந்நகரப் பேராலயத்திற்குச் சென்று மறைக்கல்வி கேட்டார். கற்பித்தவர் அருள்தந்தை டிராலப், பருத்த உடலினர், முன்னாளில் இலண்டன் மேடைகளில் நடிகராயிருந்தவர். பாடம் சிலவேளை பேராலயத்தில் நடந்தது. சிலவேளை ஆடி அசைந்து செல்லும் டிராம் வண்டியின் மேல்தளத்தில் நடந்தது. கடவுள் இருக்கிறாரா என்பதே கிரீனுக்குச் சிக்கலாயிருந்தது. அதைக் கடந்த பின் மற்றக் கோட்பாடுகள் பெரிதாய்த் தொல்லை தரவில்லையாம். 1926-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் திருமுழுக்குப் பெற்றார். உறவினர் எவரும் இல்லை. ஆலயத்தில் நாற்காலிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்த பெண் ஒருவரே சாட்சி. ஞானப்பெயர் 'தோமா'. மாபெரும் இறையியலாரான அக்குவினாஸ் தோமாவை அல்ல, ஐயுற்ற தோமாவையே தாம் மனத்திற்கொண்டதாகக் குருவானவரிடம் தெளிவுபடுத்திவிட்டார்.

பரங்கிமலையும் சின்னமலையும் நம் நிலத்தில் இருக்க, தோமா நமக்கு நம் வீட்டுத் திருத்தூதர். ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறோம். ஆயினும் நாம் கொண்டாடுவது ஈட்டியால் குத்துண்ட மறைசாட்சியை. காயத்தில் விரலை இடாமல் நம்பேன் என்று அடம்பிடித்தவரைத் தம் பாதுகாவலராகத் தெரிந்தெடுத்த ஒருவரை நாம் இவர் ஒருவரிலேயே கண்டோம்.

இனி நம் கதைக்கு வருவோம். எழுபதுகளின் நடுவில், நாம் கல்லூரியில் சேருமுன், எமது பங்கில் ஒரு குருவானவர் இருந்தார். குடிப்பார். மறைவாகத்தான், ஆனால் சிற்றூரில் மறைவு ஏது? காலைத் திருப்பலி சில நாட்களில் தாமதமாகும். ஒருமுறை மறையுரையின் நடுவே பேச்சு நின்றுபோய், நெடுநேரம் பீடத்தையே பார்த்தபடி இருந்தார். பங்கு இளைஞர் நாங்கள் கூடி ஆயருக்கு மனு எழுதினோம். அறுபத்து மூன்று கையொப்பங்கள். கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் மனுவைப் படியெடுக்கும் பொறுப்பு நம்முடையதாயிற்று. 'திருச்சபையின் மாண்பு' என்னும் சொற்றொடரை அதில் மூன்று இடங்களில் சேர்த்தோம் என்பது நினைவிருக்கிறது. மனு போய்ச் சேர்ந்த செய்தி அவருக்கும் எட்டிவிட்டது. அந்த வாரத்தில் ஒருநாள் நள்ளிரவு, கொட்டும் மழையில், நான்கு மைல் தொலைவிலிருந்த பனையேறிகள் குடியிருப்பில் ஒரு மூதாட்டிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருப்பதாக ஆள் வந்தது. உபதேசியார் ஊரில் இல்லை. சாமி எம் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறாயா?" என்றார். வாயிலிருந்து வாடை வந்தது. சைக்கிளின் பின்னிருக்கையில் நாம். முன்னால் அவர், எண்ணெய்ச் சிமிழையும் நற்கருணையையும் நெஞ்சோடு அணைத்துக் கட்டிக்கொண்டு. இருமுறை சேற்றில் விழுந்தோம். விழுந்த இருமுறையும் அவர் மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். மூதாட்டி விடியுமுன் இறந்தார். திரும்பும் வழியில் மனுவைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை; நாம் சொல்லவும் இல்லை. மறுமாதம் மாற்றலாகிப் போய்விட்டார்.

இரண்டாண்டு கழித்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய பென்குவின் பதிப்பை எடுத்தோம். பெயர் 'தி பவர் அண்ட் தி குளோரி'. 'வல்லமையும் மாட்சியும்' எனலாம். அதன் நாயகனுக்குப் பெயரில்லை. மெக்சிகோவில் குருக்கள் வேட்டையாடப்படும் ஒரு மாநிலத்தில் எஞ்சியிருக்கும் கடைசிக் குரு அவர். குடிகாரர், அவருக்கு ஒரு பெண் குழந்தை உண்டு. உயிருக்கு அஞ்சுபவர், அஞ்சுவதை மறைக்கவும் தெரியாதவர். அவரைத் துரத்தும் காவல் அதிகாரியோ ஒழுக்கசீலர், எளிமையானவர், ஏழைக் குழந்தைகள்மேல் மெய்யான அன்பு கொண்டவர். நற்பண்புகள் எல்லாம் அவரிடம். அருளடையாளங்கள் மட்டும் குடிகாரரிடம். இத்தகைய பங்கீட்டை எந்த மறைநூலாசிரியரும் துணிந்து செய்திருக்க மாட்டார்.

அந்நாவலில் ஒரு காட்சியை நம்மால் மறக்க இயலாது. திருப்பலி நிறைவேற்றத் திராட்சை இரசம் வேண்டும். அது தடை செய்யப்பட்ட பொருள். உள்ள காசையெல்லாம் திரட்டிக் கள்ளச் சந்தையில் ஒரு புட்டி இரசமும் கொஞ்சம் பிராந்தியும் குருவானவர் வாங்குகிறார். விற்றவன் ஆளுநரின் உறவினன். அவனும் அவனோடு சேர்ந்துகொண்ட அதிகாரி ஒருவரும், வாங்கிய சரக்கை அங்கேயே பகிர்ந்து குடிப்பதுதான் மரியாதை என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பிராந்தியைக் குடியுங்கள் என்று இவர் எத்துணையோ கெஞ்சிப் பார்க்கிறார். அவர்களுக்கு இரசந்தான் இனிக்கிறது. சொட்டுச் சொட்டாக அந்தப் புட்டி தீர்வதைப் பார்த்தபடி இவர் அழுகிறார். குடிவெறியில் அழுகிறார் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். கடைசியில் கையில் எஞ்சுவது பிராந்தி மட்டும். அதாவது, அவருடைய பலவீனம் மட்டும். இவ்வளவையும் கிரீன் ஒரு விளக்கச் சொல்லும் இல்லாமல், ஒரு வேடிக்கை நிகழ்ச்சியைப்போல எழுதிச் செல்கிறார். அப்பக்கங்களை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விடுதிக்கு நடந்தோம். மழையும், சைக்கிளும், மார்பைத் தடவிப் பார்த்த கையும் கூடவே வந்தன.

கதையின் முடிவையும் சொல்லிவிடலாம். அறிந்தபின் படித்தாலும் குறையாத நூல் அது. குருவானவர் எல்லை கடந்து தப்பிவிடுகிறார். அங்கே பாதுகாப்பு உண்டு, மரியாதை உண்டு, காணிக்கைக் கணக்குப் பார்க்கும் பழைய புத்திகூடத் திரும்பி வருகிறது. அப்போது, சாகக் கிடக்கும் ஒரு கொலைகாரன் பாவசங்கீர்த்தனம் கேட்பதாக ஒருவன் வந்து அழைக்கிறான். அது பொறி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே திரும்பிச் செல்கிறார். சுட்டுக் கொல்லப்படுகிறார். இதனை ஜான் ஃபோர்டு 1947-இல் 'தி ஃபியூஜிட்டிவ்' என்ற பெயரில் திரைப்படமாக்கியபோது, குருவைக் குற்றமற்றவராக்கி, அந்தக் குழந்தையைக் காவல் அதிகாரியின் பொறுப்பில் எழுதிவிட்டார்கள். கிரீன் அதை மன்னிக்கவே இல்லை.

இக்கதைக்கு வித்து 1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விழுந்தது. மெக்சிகோவில் சமயத்தின்மீது நடந்த அடக்குமுறையைப் பற்றி ஒரு பயண நூல் எழுதக் கிரீன் அனுப்பப்பட்டார். தபாஸ்கோ மாநிலத்தில் கர்ரிதோ கனபால் என்னும் ஆளுநர் ஆலயங்களை இடித்து, குருக்கள் மணம்புரிந்தாலன்றிப் பணியாற்றலாகாது என்று சட்டம் செய்திருந்தார். கிரீன் சென்றபோது அவர் பதவியிழந்துவிட்டிருந்தார். ஆயினும் குருக்கள் திரும்பவில்லை. அண்டை மாநிலமான சியாப்பாஸில் கோவேறு கழுதைமேல் நாட்கணக்கில் மலையேறிச் சென்ற கிரீன், புனித வாரத்தில் தனி வீடொன்றில் இரகசியமாக நடந்த திருப்பலியில் பங்குகொண்டார். வழியில் எங்கோ, குடிபோதையில் ஓர் ஆண் குழந்தைக்குப் பெண்பெயர் சூட்டித் திருமுழுக்கு அளித்த ஒரு குருவைப் பற்றிச் சிலர் சிரித்துப் பேசக் கேட்டார். அந்தச் சிரிப்பைக் கிரீன் வாங்கிக்கொண்டு வந்து நாவலாக்கினார். நாட்டிங்காமில் மூளையால் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை மெக்சிகோவில்தான் நெஞ்சுக்கு இறங்கியது என்று பின்னாளில் அவர் உணர்த்தியிருக்கிறார். குறிப்பிடத்தக்க இன்னொன்று: 1939-இல் போர் மூளும் என்ற அச்சத்தில், குடும்பத்திற்குப் பணம் சேர்க்கக் காலைப்பொழுதில் ஊக்கமாத்திரை விழுங்கி ஆறே வாரத்தில் ஒரு திகில் நாவலை எழுதி முடித்தார், பிற்பகலில், களைத்த மூளையோடு, 'வல்லமையும் மாட்சியும்' மெல்ல மெல்ல வளர்ந்தது. 1940-இல் முதற்பதிப்பு வெளிவந்தபோது அச்சிட்டவை 3,500 படிகளே.

போருக்குப் பின் பிரெஞ்சு எழுத்தாளர் மோரியாக்கின் முன்னுரையோடு வெளிவந்த மொழிபெயர்ப்பு பெரும்புகழ் எய்தியது. புகழோடு புகார்களும் உரோமைக்குச் சென்றன. 1953-இல் திருப்பேராயம் அந்நூலைக் கண்டித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினால் கிரிஃபின், கிரீனை அழைத்து, கர்தினால் பிட்சார்தோவின் கடிதத்தை வாசித்துக் காட்டினார். திருத்தங்கள் செய்யாமல் மறுபதிப்பு வெளியிடலாகாது என்பது கருத்து. கிரீன் மிகப் பணிவான மறுமொழி எழுதினார்: நூலின் உரிமை பல நாட்டுப் பதிப்பாளரிடம் இருப்பதால் தம்மால் ஏதும் செய்ய இயலவில்லை என்று. உள்ளே சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்பது நம் ஊகம். தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை. பகிரங்கக் கண்டனமும் எழவில்லை. காலம் கடந்தது.

1965-இல் கிரீன் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரைத் தனியே சந்தித்தார். அந்நாவலைத் தாம் படித்திருப்பதாகத் திருத்தந்தை சொல்ல, திருப்பேராயம் அதைக் கண்டித்திருக்கிறதே என்றார் கிரீன். கண்டித்தவர் யார் என்று வினவினார் திருத்தந்தை. கர்தினால் பிட்சார்தோ என்று விடை வந்தது. அந்தப் பெயரை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்துப் புன்னகைத்த திருத்தந்தை, உம்முடைய நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கர் மனத்தைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற கருத்துப்படச் சொல்லி அனுப்பினார். இந்தச் சந்திப்பைக் கிரீன் வாழ்நாள் முழுதும் மகிழ்ந்து சொல்லி வந்தார்.

அவர் அறியாத ஒன்று அப்போதே உரோமைக் காப்பகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. பீட்டர் காட்மன் என்னும் அறிஞர் அந்தக் கோப்பைப் பார்வையிட்டு 2001-இல் எழுதிய பின்னரே உலகம் அதை அறிந்தது. 1953-இல், வத்திக்கான் செயலகத்தில் பணியாற்றிய பேரருட்தந்தை மொந்தினி, இந்நூலை இவ்வாறு தீர்ப்பிடுவது முறையன்று, இலக்கியமறிந்த வேறொருவரின் கருத்தையும் கேளுங்கள் என்று பிட்சார்தோவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். தகுதியற்ற குருவைக் காட்டினாலும் நூல் குருத்துவத்தின்மேல் மதிப்பையே வளர்க்கிறது என்பது அவர் வாதம். அந்த மொந்தினிதாம் பின்னாளில் ஆறாம் சின்னப்பர். அன்று நேருக்கு நேர் அமர்ந்திருந்தபோதும், உமக்காக வாதாடியவன் நானே என்று அவர் சொல்லவில்லை. கேள்வி கேட்பதுபோல் கேட்டுப் புன்னகைத்தார், அவ்வளவே. 2018-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது இதழ்களெல்லாம் பொதுச்சங்கத்தையும் சுற்றுமடல்களையும் பற்றி எழுதின. நமக்கோ அந்தப் புன்னகைதான் நினைவுக்கு வந்தது.

இதுவரை எழுதியது நாவலாசிரியரின் பக்கம். புரட்டினால் மறுபக்கம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் 1976-இல் மனு எழுதியபோது செய்த தவற்றையே தலைகீழாகச் செய்தவராவோம்.

1927-இல் விவியனும் கிரீனும் மணந்துகொண்டார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்தன. கிரீன் நல்ல கணவராய் இருக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே வேறு உறவுகள். 1946-இல் கேதரின் வால்ஸ்டன் என்னும் பெண்மணி, கிரீனின் நூல்களால் கவரப்பட்டுத் திருச்சபையில் சேர விரும்பி, அவரையே ஞானத்தந்தையாயிருக்கக் கேட்டார். அப்பெண்மணி மணமானவர்; தாய். ஞானத்தந்தைக்கும் ஞானமகளுக்கும் இடையே எழுந்த உறவு பல ஆண்டு நீடித்தது. 1951-இல் வெளிவந்த 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்' அந்த நெருப்பிலிருந்து எழுந்தது. நாற்பதுகளின் இறுதியில் விவியனை விட்டுக் கிரீன் பிரிந்தார். விவியன் மணமுறிவுக்கு இசையவில்லை. தம் நம்பிக்கைக்கு அது ஏற்றதன்று என்றிருந்தார். ஆக்ஸ்போர்டில் தங்கி, பழங்காலப் பொம்மை வீடுகளைச் சேகரித்தார். அவற்றைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதினார். 2003-இல், தொண்ணூறு வயது கடந்து இறந்தார். ஆராதனைக்கும் வணக்கத்திற்கும் வேறுபாடு சொல்லிக் கொடுத்தவர் அவர். சொல்லிக் கொடுத்ததற்கு ஏற்ப வாழ்ந்தவரும் அவரே. மனித மனத்தின் இண்டு இடுக்குகளிலெல்லாம் இரக்கத்தைத் தேடிய நாவலாசிரியருக்கு, தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்மேல் அது போதிய அளவு சுரக்கவில்லை. பெரிய எழுத்தாளர் என்பதற்காக இதனை மென்மைப்படுத்திச் சொல்ல நாம் உடன்படோம்.

தம் நிலை அவருக்குத் தெரியாமல் இல்லை. 1948-இல் வந்த 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' நாவலில், ஆப்பிரிக்காவில் பணிபுரியும் ஒரு காவல் அதிகாரி, மனைவிக்கும் காதலிக்கும் இடையே சிக்கி, சாவான பாவத்தோடு நற்கருணை உட்கொள்கிறார். இறுதியில் தற்கொலை செய்துகொள்கிறார். போர்க்காலத்தில் உளவுத்துறைப் பணியாளராய்ச் சியரா லியோனில் கிரீன் வாழ்ந்த அனுபவம் அதில் உண்டு. வீட்டு அனுபவமும் உண்டு. நண்பரும் கத்தோலிக்கருமான ஈவ்லின் வா, அந்நாயகனின் போக்கை இறையியல் முறையில் ஏற்க இயலாதென மதிப்புரையிலேயே எழுதினார். மாறாக, பொதுமக்கள் பலர், குருக்கள்கூட, தம் ஆன்மச் சிக்கல்களுக்கு வழிகேட்டுக் கிரீனுக்குக் கடிதங்கள் எழுதித் தள்ளினார்கள். தம் வீட்டுச் சிக்கலையே தீர்க்க இயலாதவரிடம் உலகம் ஞானவழிகாட்டல் கேட்டது. அவர் நடுங்கிப்போனார் என்பதுதான் அவருக்குச் சாதகமாக நாம் சொல்லக்கூடியது.

1949-இல் கேதரினோடு இத்தாலி சென்றபோது, சான் ஜொவான்னி ரொத்தொந்தோ சிற்றூரில் பாத்ரே பியோ நிறைவேற்றிய அதிகாலைத் திருப்பலியில் கிரீன் கலந்துகொண்டார். ஐந்து காய வரம் பெற்றவர் என்று அறியப்பட்ட துறவி. மிக அருகில் நின்று பார்த்தார். வழக்கமான நேரமே ஆயிற்று என்று எண்ணினார். வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் எத்துணை நேரம் கடந்திருக்கிறது என்று தெரிந்தது. துறவியைத் தனியே சந்திக்க வாய்ப்பு வந்தது. கிரீன் மறுத்துவிட்டார். சந்தித்தால் தம் வாழ்க்கை மாறிவிடும் என்று அஞ்சியதாக அவரே கூறியிருக்கிறார். தோமா என்னும் பெயர் கொண்டவர், காயங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது விரலை நீட்டாமல் ஊருக்குத் திரும்பினார். ஆனால் பாத்ரே பியோவின் சிறு படம் ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டு, பல்லாண்டு காலம் எங்கும் எடுத்துச் சென்றார். இதில் எது நம்பிக்கை, எது கோழைத்தனம் என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது.

பின்னர் வந்த ஆண்டுகளை விரைந்தே கடக்கலாம். வியட்நாம், கியூபா, ஹைட்டி, பராகுவே என்று எங்கெல்லாம் நிலம் அதிர்ந்ததோ அங்கெல்லாம் போனார். போன இடமெல்லாம் நாவலாயிற்று. 1955-இல் வெளிவந்த 'தி குவைட் அமெரிக்கன்', வியட்நாமில் அமெரிக்கர் செய்யவிருந்த பிழையைப் பத்தாண்டு முன்னரே கண்டுகொண்டது. 1959-இல் காங்கோவில் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றில் தங்கி வந்து 'எ பர்ன்ட்-அவுட் கேஸ்' எழுதினார். நாளொன்றுக்கு ஐந்நூறு சொற்கள் என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. எண்ணிக்கை நிறைந்தால் காட்சியின் நடுவிலும் பேனாவை வைத்துவிடுவார். முதுமையில் அந்த எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டார். ஞானத்தூண்டுதலுக்குக் காத்திருக்கும் நம் எழுத்தாளர்கள் இதைச் சற்றே கவனிக்கலாம். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவேயில்லை.

நம்மவர் ஒருவருக்கு அவர் செய்த நன்மையைச் சொல்லாமல் விடலாகாது. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் முதல் நாவலைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியவண்ணம் இருந்தார்கள். சோர்ந்துபோன நாராயண், ஆக்ஸ்போர்டிலிருந்த தம் நண்பருக்கு, கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடும்படி எழுதினார். நண்பர் அதைக் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்தார், பதிப்பாளரைத் தேடிப் பிடித்தார், 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. நீண்ட பெயரைச் சுருக்கச் சொன்னவரும் கிரீனே. முகம் பாராமல் இருபது ஆண்டுகள் கடிதத்திலேயே வளர்ந்தது அந்நட்பு. அருகிலிருந்தவர்க்குத் தரமுடியாததைத் தொலைவிலிருந்தவர்க்கு வாரி வழங்கும் மனிதர்கள் உண்டு போலும்.

கடைசிக் காலத்தில் தம்மைக் 'கத்தோலிக்க அறியொணாவாதி' என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் கோடைதோறும் லெயோபோல்தோ துரான் என்னும் ஸ்பானியக் குருவோடு காரில் ஸ்பெயின் முழுதும் சுற்றினார். சிற்றூர் மடங்களில் தங்கினார். நம்பிக்கையைப் பற்றி இருவரும் இரவெல்லாம் வாதிட்டார்கள். அப்பயணங்களே 1982-இல் 'மான்சிஞோர் கிஹோத்தே' ஆயின. சுவிட்சர்லாந்தில் வெவே நகர மருத்துவமனையில் இரத்த நோயால் படுத்தபோது, ஸ்பெயினிலிருந்து துரான் வரவழைக்கப்பட்டு இறுதி அருளடையாளங்களை அளித்தார். 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், தம் 86-ஆம் வயதில் கிரீன் இறந்தார்.

செய்தித்தாளில் அதைப் படித்த வாரத்தில், ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் இருந்த நம் பழைய பங்குச் சாமியைப் பார்க்கச் சென்றோம். போக வேண்டுமென்று பதினைந்து ஆண்டுகளாய் எண்ணியதுண்டு, போகவில்லை. குடியை விட்டுவிட்டிருந்தார், கை நடுக்கம் மட்டும் விடவில்லை. மனுவைப் படியெடுத்தது நாமே என்று சொன்னோம். "எழுத்தைப் பார்த்தபோதே தெரியும் தம்பி, ஆயர் காட்டினார்" என்றார். பிறகு சற்றுநேரம் பேச்சில்லை. கொண்டுபோயிருந்த நாவலை நீட்டினோம். அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். குருமடத்திலேயே ஒளித்து வைத்துப் படித்தாராம்.

"பாவம், அந்தச் சாமிக்குக் கோவேறு கழுதைதான். எனக்குச் சைக்கிளாவது இருந்தது" என்றார். பிறகு, அந்தச் சைக்கிள் இன்னும் பங்கில் இருக்கிறதா என்று கேட்டார்.